கேள்வியை முதலில் தமிழில் எழுதுங்கள்: எஸ்கியூஎல் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

மருதனார்மடத்திலோ சுன்னாகத்திலோ சந்தையில் மரக்கறி வாங்கி விற்கும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எந்த நாளும் சில கேள்விகள் இருக்கும். யாருக்கு இன்னும் காசு கொடுக்க வேண்டும்? இந்தக் கிழமை வெங்காயம் எத்தனை கிலோ வந்தது? பெயரைப் பதிந்துவிட்டு இதுவரை ஒன்றுமே கொண்டுவராத கமக்காரர் யார்? எல்லாவற்றுக்கும் பதில் அவருடைய கொப்பியில் இருக்கிறது. ஆனால் எடுப்பதற்குப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். நாளைக்கு வேறு கேள்வி வந்தால் மறுபடி முதலில் இருந்து புரட்ட வேண்டும்.

அந்தப் புரட்டும் வேலையைக் கணினியிடம் விட்டுவிட்டு, கேள்வியை மட்டும் நாம் கேட்பதற்கான மொழிதான் எஸ்கியூஎல். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுத்தவர்கள் 'வினவல் மொழி' என்று படித்திருப்பீர்கள். பாடமாக்கிப் பரீட்சை எழுதியவர்கள்கூட, இதை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டால் கொஞ்சம் தயங்குவார்கள். அதனால் இலக்கணத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மேலே உள்ள சந்தைக் கணக்கையே செய்து பார்ப்போம்.

என்ன தேவை

'டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட்' என்ற இலவச மென்பொருள் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இணையம் ஒருமுறை தரவிறக்க மட்டும்தான் வேண்டும். எஸ்கியூலைட் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த சின்னத் தரவுத்தளம். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. முழுத் தரவுத்தளமும் ஒரே ஒரு கோப்பு என்பதால் பழகுவதற்கு இதைவிட வசதியானது இல்லை.

திறந்து 'நியூ டேட்டாபேஸ்' கொடுத்து, 'சந்தை' என்று ஒரு பெயர் வைத்துச் சேமியுங்கள். உடனே அட்டவணை உருவாக்கச் சொல்லி ஒரு பெட்டி வரும், அதை ரத்துச் செய்துவிடுங்கள். 'எக்ஸிகியூட் எஸ்கியூஎல்' என்ற பகுதிக்குப் போங்கள். கட்டளையை அங்கே எழுதி எஃப்5 விசையை அழுத்தினால் ஓடும். முந்திய கட்டளைகள் பெட்டியில் இருந்தால் அவையும் சேர்ந்து ஓடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் பழையதை அழித்துவிட்டு எழுதுங்கள்.

ஒரு குறிப்பு. செலெக்ட், ஃப்ரம், வேர் போன்ற கட்டளைச் சொற்களை நான் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ஆனால் அட்டவணையின் பெயர், நிரல்களின் பெயர் எல்லாவற்றையும் தமிழிலேயே வைக்கலாம், எஸ்கியூலைட் எந்த முறைப்பாடும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். பலர் இதைச் செய்து பார்ப்பதே இல்லை.

அட்டவணை இரண்டு, ஏன் இரண்டு?

கிரியேட் டேபிள் கமக்காரர் (
எண் இன்டிஜர் பிரைமரி கீ,
பெயர் டெக்ஸ்ட்,
ஊர் டெக்ஸ்ட்);

கிரியேட் டேபிள் வரவு (
எண் இன்டிஜர் பிரைமரி கீ,
கமக்காரர்_எண் இன்டிஜர் ரெஃபரன்ஸஸ் கமக்காரர்(எண்),
திகதி டெக்ஸ்ட்,
பொருள் டெக்ஸ்ட்,
கிலோ ரியல்,
விலை ரியல்,
கொடுத்த_திகதி டெக்ஸ்ட்);

இன்டிஜர் என்றால் முழு எண், டெக்ஸ்ட் என்றால் எழுத்து, ரியல் என்றால் தசம எண். எக்செல் பழகியவர்களுக்கு வரும் முதல் கேள்வி: எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டால் என்ன? போடலாம். அப்போது வள்ளியம்மை வெங்காயம் கொண்டுவரும் ஒவ்வொரு தடவையும் அவருடைய பெயரையும் ஊரையும் திரும்ப எழுத வேண்டும். ஒரு வரியில் 'இணுவில்', இன்னொரு வரியில் 'இனுவில்' என்று விழுந்துவிட்டால் கணினிக்கு அவை இரண்டு ஊர்கள். ஊர் மாறினால் நூறு இடத்தில் திருத்த வேண்டும், ஒன்றை விட்டுவிட்டாலும் பிழை.

ஆகவே ஒரு தகவலை ஓர் இடத்தில் மட்டும் எழுதுகிறோம். வரவு அட்டவணையில் பெயருக்குப் பதில் அவருடைய எண் மட்டும் இருக்கும். கமக்காரர் அட்டவணையில் அந்த எண் முதன்மைச் சாவி (பிரைமரி கீ), அதாவது இரண்டு பேருக்கு ஒரே எண் வராது. வரவு அட்டவணையில் அதுவே அந்நியச் சாவி, ரெஃபரன்ஸஸ் என்று எழுதியது இதைத்தான். அந்நியச் சாவிச் சோதனை இயங்கும் நிலையில் இருந்தால், இல்லாத ஒரு கமக்காரர் எண்ணைப் போட்டு வரவு எழுத முயன்றால் தரவுத்தளம் மறுத்துவிடும். கொப்பி இதைச் செய்யாது.

இப்போது கொஞ்சம் தரவு. பெயர், விலை எல்லாம் கற்பனை. நல் (NULL) என்பதும் ஆங்கிலத்தில் தட்ட வேண்டிய சொல்தான், அந்த இடம் வெறுமை என்று பொருள்.

இன்சர்ட் இன்ட்டு கமக்காரர் வேல்யூஸ்
(1, 'செல்லையா', 'நீர்வேலி'),
(2, 'வள்ளியம்மை', 'இணுவில்'),
(3, 'தம்பிராசா', 'உரும்பிராய்'),
(4, 'பொன்னம்மா', 'அச்சுவேலி');

இன்சர்ட் இன்ட்டு வரவு வேல்யூஸ்
(1, 1, '2025-01-06', 'வாழைக்காய்', 40, 120, '2025-01-06'),
(2, 2, '2025-01-06', 'சின்ன வெங்காயம்', 50, 300, நல்),
(3, 3, '2025-01-07', 'கத்தரிக்காய்', 25, 200, '2025-01-08'),
(4, 2, '2025-01-08', 'சின்ன வெங்காயம்', 30, 320, நல்),
(5, 1, '2025-01-08', 'வாழைக்காய்', 35, 110, நல்);

திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதுங்கள். அப்போதுதான் வரிசைப்படுத்தும்போது சரியாக நிற்கும். மேற்கோள் குறி நேரானதாக இருக்க வேண்டும். போனில் இருந்தோ வேர்ட் கோப்பில் இருந்தோ வெட்டி ஒட்டினால் வளைந்த குறி வந்துவிடும்; தொடங்குபவர்களுக்கு வரும் பிழைச் செய்திகளில் பாதி இதனால்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

முதல் கேள்வி

தமிழில்: கமக்காரர் அட்டவணையில் இருந்து, ஊர் நீர்வேலியாக உள்ளவர்களின், பெயரை எடு.

எஸ்கியூஎல்லில்:

செலெக்ட் பெயர்
ஃப்ரம் கமக்காரர்
வேர் ஊர் = 'நீர்வேலி';

ஓட்டினால் செல்லையா வருவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எஸ்கியூஎல்லில் 'எடு' முதலில் நிற்கிறது, தமிழில் கடைசியில். ஆனால் ஒரு வினவலின் பொருளை எந்த ஒழுங்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பார்த்தால், முதலில் ஃப்ரம், அடுத்து வேர், பிறகு குரூப் பை (கட்டுக்கட்டாகச் சேர்ப்பது), அதன் பின்னரே செலெக்ட், கடைசியாக ஆர்டர் பை (வரிசைப்படுத்துவது). அதாவது எழுதும் ஒழுங்கு ஆங்கிலத்தினுடையது, விளங்கிக்கொள்ளும் ஒழுங்கு கிட்டத்தட்ட நம்முடைய வாக்கியத்தினுடையது. இது நமக்கு இலவசமாகக் கிடைத்த வசதி. கேள்வியை முதலில் தமிழில் ஒரு முழு வாக்கியமாக எழுதிவிடுங்கள். எதில் இருந்து, எப்படிப்பட்டவை, எதை என்ற மூன்றும் அதே ஒழுங்கில் வந்து நிற்கும். அப்புறம் மூன்றையும் அந்தந்தக் கட்டளைச் சொல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் வரியில் தொடங்கு, ஒவ்வொன்றாகப் பார், பொருந்தினால் எடுத்து வை என்று நாம் எங்கேயும் சொல்லவில்லை. என்ன வேண்டும் என்று மட்டும் சொன்னோம். எப்படித் தேடுவது என்பதைத் தரவுத்தளமே தீர்மானிக்கும். நாலு வரியோ நாற்பது இலட்சம் வரியோ, கேள்வி மாறாது. 1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் கோட் இந்தத் தொடர்புடைமை மாதிரியை, அதாவது தரவை அட்டவணைகளாக வைக்கும் முறையை, ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அதற்கு முன்பு, தரவு எங்கே எப்படி இருக்கிறது என்று தெரிந்த நிரலாளர்தான் வழிபிடித்துப் போய் எடுத்துவர வேண்டியிருந்தது. 1974இல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அந்த மாதிரிக்கு ஒரு மொழி செய்தார்கள். சீக்குவல் என்ற அதன் முதல் பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்ததால் எஸ்கியூஎல் ஆனது. 1986இல் அமெரிக்காவிலும் 1987இல் உலக அளவிலும் தரமாக்கப்பட்டது. சரி, சரித்திரம் காணும்.

காசு கொடுக்காதவை

இனி வியாபாரியின் முதல் கேள்வி. கொடுத்த திகதி வெறுமையாக இருந்தால் காசு கொடுக்கவில்லை என்று பொருள். பலர் இப்படித் தொடங்குவார்கள் (செலெக்ட்டுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி என்றால் எல்லா நிரல்களும்):

செலெக்ட் * ஃப்ரம் வரவு வேர் கொடுத்த_திகதி = நல்;

ஓடும். பிழைச் செய்தி வராது. ஒரு வரியும் வராது. நல் என்றால் பூச்சியமும் இல்லை, வெறும் எழுத்தும் இல்லை, 'தெரியாது' என்பதுதான். தெரியாத ஒன்று இன்னொரு தெரியாததற்குச் சமமா என்று கேட்டால் பதிலும் தெரியாதுதான். வேர் பகுதி 'ஆம்' என்ற வரிகளை மட்டும் விடும், 'தெரியாது' என்பதை விடாது. சரியான வழி:

செலெக்ட் * ஃப்ரம் வரவு வேர் கொடுத்த_திகதி இஸ் நல்;

மூன்று வரிகள் வரும். ஆனால் அதில் பெயர் இல்லை, 2, 2, 1 என்று எண்கள்தான். பெயர் மற்ற அட்டவணையில் இருக்கிறது.

இரண்டையும் சேர்ப்பது

செலெக்ட் பெயர், சம்(கிலோ * விலை)
ஃப்ரம் வரவு
ஜொயின் கமக்காரர் ஒன் கமக்காரர்.எண் = வரவு.கமக்காரர்_எண்
வேர் கொடுத்த_திகதி இஸ் நல்
குரூப் பை கமக்காரர்.எண், பெயர்
ஆர்டர் பை பெயர்;

செல்லையாவுக்கு 3850, வள்ளியம்மைக்கு 24600 ரூபாய் கொடுக்க இருக்கிறது.

இதை மெதுவாக வாசியுங்கள். ஜொயின், ஒன் இரண்டும் சேர்ந்து, எண் பொருந்தும் இடத்தில் ஒவ்வொரு வரவு வரியோடும் அதற்குரிய கமக்காரர் வரியை ஒட்டுகின்றன. ஒட்டிய பின் வருவதும் ஓர் அட்டவணைதான். வேர் அதில் சில வரிகளைக் கழிக்கிறது; மிஞ்சுவதும் அட்டவணைதான். குரூப் பை ஆள்வாரியாகக் கட்டுகிறது, சம் ஒவ்வொரு கட்டையும் கூட்டுகிறது. எந்தப் படியிலும் உள்ளே போவது அட்டவணை, வெளியே வருவது அட்டவணை. ஆகவே ஒரு வினவலின் விடையையே இன்னொரு வினவலுக்கு உள்ளே போடலாம். எண்ணாலும் கட்டியிருக்கிறேன், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் ஒரே பெயரில் இரண்டு செல்லையா இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. பெயரால் மட்டும் கட்டினால் ஒருவருடைய காசு மற்றவர் கணக்கில் போய்ச் சேரும்.

ஆர்டர் பை பற்றித் தமிழில் பதிபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எஸ்கியூலைட் இயல்பாக யூனிக்கோடு எண் வரிசையில், அதாவது கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள எண்ணின்படி, அடுக்கும். அது நம் அகரவரிசையோடு முழுதும் ஒத்துப்போகாது. அங்கே ன என்பது ந எழுத்துக்கு அடுத்து, ப எழுத்துக்கு முன்னால் நிற்கும். ழ, ள இரண்டும் வ எழுத்துக்கு முன்னால். எழுத்து எண்ணிக்கையும் அப்படியே: 'யாழ்' என்பதன் நீளத்தைக் கேட்டால் 4 என்று சொல்லும், காலையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால்.

ஒன்றும் கொண்டுவராதவர் யார்? சாதாரண ஜொயின் இதற்கு உதவாது, பொருந்தாத வரிகளை அது கழித்துவிடும். லெஃப்ட் ஜொயின் இடப்பக்க அட்டவணையில் உள்ள எல்லோரையும் வைத்துக்கொண்டு, பொருந்தாத இடத்தில் நல் போடும்:

செலெக்ட் பெயர் ஃப்ரம் கமக்காரர்
லெஃப்ட் ஜொயின் வரவு ஒன் வரவு.கமக்காரர்_எண் = கமக்காரர்.எண்
வேர் வரவு.எண் இஸ் நல்;

பொன்னம்மா.

வெங்காயத்தின் சராசரி விலை

கேட்க லேசான கேள்வி.

செலெக்ட் ஏவிஜி(விலை) ஃப்ரம் வரவு வேர் பொருள் = 'சின்ன வெங்காயம்';

விடை 310. ஆனால் 50 கிலோ 300 ரூபாய்க்கும், 30 கிலோ 320 ரூபாய்க்கும் வந்தது. வியாபாரி ஒரு கிலோவுக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கிறார்?

செலெக்ட் சம்(கிலோ * விலை) / சம்(கிலோ) ஃப்ரம் வரவு வேர் பொருள் = 'சின்ன வெங்காயம்';

விடை 307.5. இரண்டு வினவலும் இலக்கணப்படி சரி, இரண்டும் பிழையில்லாமல் ஓடும். விலைகளின் சராசரியைக் கேட்டோமா, கிலோவின் சராசரி விலையைக் கேட்டோமா என்பதில்தான் வித்தியாசம். எஸ்கியூஎல் நாம் கேட்டதற்குப் பதில் சொல்லும், கேட்க நினைத்ததற்கு அல்ல. தமிழில் வாக்கியத்தை எழுதச் சொல்வதற்கு எனக்கு இதுதான் பெரிய காரணம். 'ஒரு கிலோவுக்கு' என்ற சொல் வாக்கியத்துக்குள் வந்துவிட்டால் இரண்டாவது வினவலைத் தவிர வேறொன்றை எழுத மனம் வராது.

மாற்றுவதும் அழிப்பதும்

வள்ளியம்மைக்குக் காசு கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம்.

அப்டேட் வரவு செட் கொடுத்த_திகதி = '2025-01-10'
வேர் கமக்காரர்_எண் = 2 அண்ட் கொடுத்த_திகதி இஸ் நல்;

வேர் பகுதியை மறந்துவிட்டு ஓட்டினால் அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் அந்தத் திகதி விழும். 'நிச்சயமா?' என்று அது கேட்காது. டிலீட் கட்டளையும் இப்படியே, வேர் இல்லாவிட்டால் எல்லா வரியும் போய்விடும்.

ஆகவே அப்டேட்டோ டிலீட்டோ எழுத முன், அதே வேர் பகுதியோடு ஒரு செலெக்ட் ஓட்டிப் பாருங்கள். வரும் வரிகள்தான் மாறப்போகும் வரிகள். நமது கணக்கில் இரண்டு வரிகள் வர வேண்டும். ஐந்து வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அப்படியும் கை தவறிவிட்டால், டிபி பிரவுசரில் மேலே 'ரைட் சேஞ்சஸ்', 'ரிவர்ட் சேஞ்சஸ்' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. முதலாவதை அழுத்தும்வரை மாற்றங்கள் கோப்பில் நிரந்தரமாகப் பதியாது. இரண்டாவதை அழுத்தினால் கடைசியாகப் பதிந்த நிலைக்குத் திரும்பும். இப்போதே பழகிப் பாருங்கள்: முதலில் 'ரைட் சேஞ்சஸ்' கொடுத்து இதுவரை செய்ததைப் பதிந்துகொள்ளுங்கள், வேர் இல்லாமல் வேண்டுமென்றே ஒரு டிலீட் ஓட்டுங்கள் (டிலீட் ஃப்ரம் வரவு;), அட்டவணை வெறுமையாவதைப் பாருங்கள், பிறகு 'ரிவர்ட்' அழுத்துங்கள்.