ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் கபடி: களம் போடுவது முதல் அணி எடுப்பது வரை

பெண்பிள்ளைகள் கபடியை விட்டுப் போவது பெரும்பாலும் ஆட்டம் வராததால் அல்ல. இருட்டில் வீடு திரும்ப வேண்டியிருக்கிறது, பக்கத்தில் கழிப்பறை இல்லை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆகவே பயிற்சியாளரைத் தேடும் முன்னே இவற்றை முடியுங்கள். 4.30க்குத் தொடங்கி 5.45க்கு விட்டால் வெளிச்சத்திலேயே வீடு சேரலாம். தங்கையைக் கூட்டி வரலாம் என்று சொல்லிவிடுங்கள். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கிறவள்தான் இரண்டு வருடத்தில் ஆட வருவாள். தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை வேண்டும். நாப்கினை அங்கேயே வையுங்கள், கேட்டு வாங்கும் நிலை வேண்டாம். அரைக்கால் டவுசர் கட்டாயம் என்றால் பலர் முதல் வாரமே நின்றுவிடுவார்கள். முழுக்கால் லெகிங்ஸ் போதும், முட்டியும் உராயாது.

பெண்கள் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். நான்கு முளை அடித்துக் கயிறு கட்டி, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் 14 மீட்டர் 42 சென்டிமீட்டர் வந்தால்தான் மூலை சரி. நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 3 மீட்டரில் பாக் கோடு (பாடிப் போகிறவர் தாண்டியே ஆக வேண்டிய கோடு), அதற்கு 1 மீட்டர் பின்னால் போனஸ் கோடு (தாண்டினால் கூடுதல் புள்ளி), அந்த 8 மீட்டர் அகலத்துக்குள்ளேயே இரு பக்கவாட்டிலும் 1 மீட்டர் லாபி எனும் ஓரப்பட்டை. மண்ணை அரை அடி கொத்தி, கல், கண்ணாடித் துண்டு, முள் எல்லாவற்றையும் சலித்து எடுங்கள். மேலோட்டமாகப் பொறுக்கினால் ஒரே மழையில் கல் மேலே வந்துவிடும். முந்தின நாள் மாலையே தண்ணீர் தெளியுங்கள். ஆட்டத்துக்குச் சற்று முன் தெளித்தால் வழுக்கிக் கணுக்கால் பிசகும். கோட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டாம். கபடியில் முகமே மண்ணில் படும். சுண்ணாம்பு கண்ணைச் சுட்டுவிடும். கோலமாவு போடுங்கள்.

நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கொலுசு, வளையல், தோடு கழற்ற வேண்டும். ஆண் பயிற்சியாளர் பிடியைத் தன் கையால் செய்து காட்டக் கூடாது. இரண்டு பிள்ளைகளை நிறுத்திச் சொல்லித் தரட்டும். ஊர்ப் பெண்மணி ஒருவர் கடைசிப் பிள்ளை கிளம்பும்வரை இருக்கட்டும்.

முதல் வாரத்திலேயே சிறந்த ஏழு பேரைப் பிரித்தெடுப்பதுதான் பெரும்பாலான ஊர்களில் நடக்கும் தவறு. மற்றவர்கள் பந்தல்கால் மாதிரி நின்று பார்த்துவிட்டு வராமலே போவார்கள். பிறகு அந்த ஏழு பேருக்கு எதிராக ஆட யாருமில்லை. 28 பேர் வந்தால் நான்கு அணி, பத்து நிமிட ஆட்டம், வாரந்தோறும் ஆள் மாற்றம். ஆர்வமுள்ளவர்களுக்கு வாரம் இரண்டு நாள் தனியாகக் கணுக்கால் பிடி, சங்கிலிப் பிடி (இருவர் கைகோத்துப் பிடிப்பது), 30 விநாடிக்குள் எதிரணிக் களத்துக்குள் பாடிப் போய்த் திரும்புவது. போனஸ் முயற்சியை ஆறு பேராவது எதிரே நிற்கும்போதே பழக்குங்கள்; அதற்குக் குறைந்தால் அந்தப் புள்ளி கிடையாது.

தினமும் பத்து நிமிடம் குதித்து இறங்கும் பயிற்சி அவசியம். இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்ந்தால் அங்கேயே திருத்துங்கள். முட்டியின் தசைநார் கிழிவது பெரும்பாலும் அப்படித்தான். முட்டி வீங்கினால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். எடைப் பிரிவுக்காகச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லவே கூடாது.

தமிழக அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் பள்ளிப் பிரிவு 12 முதல் 19 வயது வரை. வயதுச் சான்றைத் தயாராக வையுங்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதைப் பெற்றோரிடம் சொல்லலாம், ஆனால் மாவட்டப் போட்டியில் ஆடினாலே வேலை என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது பொய்த்த அன்று பிள்ளையைக் களத்திலிருந்து கூட்டிப் போய்விடுவார்கள்.