ஃபிளிப் போனைப் பிரிக்கும் முன்

ஃபிளிப் போனுக்கு வெளிக்கூடு மாற்றப் போகிறீர்களா? முதலில் பேட்டரி, சிம் இரண்டையும் கழற்றிவிடுங்கள். திருகு கண்ணில் படவில்லை என்று கூட்டை நெம்பாதீர்கள். திரையைச் சுற்றியுள்ள குட்டி ரப்பர் பொட்டுகளுக்கு அடியில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். ஊசி முனையால் பொட்டைக் கிளப்பினால் தெரியும். சில மாடல்களில் திருகுக்கு ஆறு முனை நட்சத்திரத் தலை. பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும், பிறகு பெரும்பாடு.

உயிர்நாடி கீல் பகுதிதான். மேல் பாதியையும் கீழ் பாதியையும் இணைக்கும் பட்டைக் கேபிள் அதற்குள்ளே சுருண்டு போகிறது. போர்டிலிருந்து அதன் கனெக்டரை நகத்தால் மெல்ல மேல்நோக்கித் தூக்கிவிட்டு, அப்புறம்தான் பாதிகளைப் பிரிக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் கிழியும், டிஸ்ப்ளே வராது.

இன்னொன்று, நான் கோட்டைவிட்டது: பழைய மூடியில் ஒட்டியிருந்த மிளகளவு காந்தம். புதுக் கூட்டுக்கு அதை மாற்ற மறந்துவிட்டேன். போனை மூடினாலும் திரை அணையவில்லை, பேசிக்கொண்டிருந்த அழைப்பும் துண்டிக்கப்படவில்லை. பல போன்கள் மூடியிருப்பதை அந்தக் காந்தத்தை வைத்தே உணர்கின்றன.