மொபைல் டேட்டா எப்படி வேலை செய்கிறது? உங்கள் போனிலேயே பார்க்கலாம்

டேட்டா பட்டனைத் தட்டினால் நெட் வந்துவிடுகிறது. நடுவில் என்ன நடக்கிறது என்பதை, கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனை வைத்தே ஓரளவு பார்த்துவிடலாம். தனி ஆப் எதுவும் வேண்டாம். வைஃபையை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் பார்ப்பது வீட்டு ரவுட்டரின் கதையாக இருக்கும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஜிஎஸ்எம் (2ஜி மொபைல் தொழில்நுட்பம்) வந்த புதிதில் டேட்டாவும் போன்கால் மாதிரிதான் போனது. நெட்டுக்கு டயல் செய்ய வேண்டும். நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் ஒரு சேனல் உங்களுக்கென்றே ஒதுக்கப்படும். வந்த பக்கத்தைச் சும்மா படித்துக்கொண்டிருந்தாலும் நிமிடக் கணக்கு ஓடும். 2000 வாக்கில் வந்த ஜிபிஆர்எஸ் என்ற டேட்டா முறை இதை மாற்றியது. டேட்டாவைச் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக வெட்டி, அனுப்ப ஏதாவது இருந்தால் மட்டும் ரேடியோ சேனலைக் கொடுத்தது. நிமிடத்துக்குக் காசு என்பது போய் கிலோபைட்டுக்குக் காசு என்று ஆனது இதனால்தான். 5ஜி வரைக்கும் அடிப்படை இதுவே.

படி 1: ஏபிஎன்னைப் பாருங்கள்

செட்டிங்ஸில் நெட்வொர்க், சிம், அதற்குள் ஆக்சஸ் பாயிண்ட் நேம்ஸ், சுருக்கமாக ஏபிஎன். போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும். ஜியோ என்றால் ‘ஜியோநெட்’ என்று இருக்கும். ஏர்டெல் என்றால் ‘ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம்’. 5ஜி காலத்திலும் ஜிபிஆர்எஸ் பெயரை விடவில்லை பாருங்கள்! உங்கள் பாக்கெட்டுகள் எந்த கேட்வே (நெட்வொர்க்கின் வெளிவாசல்) வழியாக இணையத்துக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்வதுதான் இந்தப் பெயர். வோல்ட்டிஇ கால்களும், அதாவது 4ஜி வழியாகப் போகும் போன்கால்களும், பாக்கெட்டுகள்தான், ஆனால் அவற்றுக்கு ஐஎம்எஸ் என்று தனி ஏபிஎன் உண்டு. டேட்டாவை அணைத்தாலும் கால் பேச முடிவது அதனால்.

படி 2: ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுங்கள்

அந்தச் சில நொடிகளில் போன் டவரைக் கண்டுபிடித்து, ‘நான் வந்திருக்கிறேன்’ என்று பதிவு செய்துகொள்கிறது. நெட்வொர்க் ஒரு எண்ணை அனுப்பும். சிம் தன்னிடமுள்ள ரகசியச் சாவியை வைத்துக் கணக்குப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். சாவி மட்டும் சிம்மை விட்டு வெளியே போகாது. விடை சரி என்றால், கேட்வே உங்களுக்கு ஒரு ஐபி முகவரி, அதாவது பாக்கெட்டுகள் உங்கள் போனுக்கு வந்துசேர ஒரு எண், தரும்.

படி 3: அந்த முகவரியைப் பாருங்கள்

அபௌட் போன் பகுதியில் ஐபி அட்ரஸ் இருக்கும். 10 என்று தொடங்கலாம், அல்லது 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் வரலாம். புது வகையான, நீளமான ஐபிவி6 முகவரி மட்டும் தெரிந்தாலும் தவறில்லை. இப்போது பிரவுசரில் ‘வாட் இஸ் மை ஐபி’ என்று தேடுங்கள். அங்கே காட்டும் ஐபிவி4 (பழைய வகை) எண் பெரும்பாலும் வேறாக இருக்கும். உலகத்துக்கே ஐபிவி4 முகவரிகள் சுமார் 430 கோடிதான் என்பதால், ஒரே பொது முகவரியை நிறையப் பேருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து அந்த முகவரியைத் தட்டினால் அது யாருக்கு என்று தெரியாது. சிம் போட்ட ரவுட்டரில் சிசிடிவியை மாட்டிவிட்டு வெளியிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியாமல் பலர் திண்டாடுவது இதனால்தான்.

படி 4: பஸ்ஸில் போகும்போது கவனியுங்கள்

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. டவர் மாறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் டவுன்லோட் அறுந்துபோவதில்லை. எப்படி? உங்கள் பாக்கெட் டவரை அடைந்ததும் அது இன்னொரு பாக்கெட்டுக்குள் வைக்கப்படுகிறது, கவருக்குள் கவர் மாதிரி. உள்கவரில் உங்கள் ஐபியும் நீங்கள் பார்க்கும் தளத்தின் ஐபியும் இருக்கும். வெளிக்கவரில் நெட்வொர்க்கின் உள் முகவரிகளும் உங்களுக்கான ஒரு டனல் எண்ணும் இருக்கும். டவர் மாறினால் மாறுவது வெளிக்கவர் மட்டும். பாக்கெட்டுகளை கேட்வே புது டவரின் பக்கம் திருப்பி அனுப்பும்படி செய்துவிடுகிறார்கள். உள்கவரை யாரும் தொடுவதில்லை, அதனால் நீங்கள் நகர்ந்தது எதிர்முனைக்குத் தெரியவே தெரியாது.

படி 5: போனைச் சும்மா வைத்துவிட்டு எடுங்கள்

கொஞ்ச நேரம் எதுவும் போகவில்லை, வரவில்லை என்றால் டவர் உங்களுக்கான ரேடியோ தொடர்பை விட்டுவிடும். ஐபி முகவரி மட்டும் அப்படியே இருக்கும். அப்போது வாட்ஸ்அப் செய்தி வந்தால், நெட்வொர்க் பேஜிங் செய்து, அதாவது டவர்கள் வழியாகக் கூப்பிட்டு, போனை எழுப்பும். ஓய்வுக்குப் பிறகு முதல் பக்கம் மட்டும் ஒரு இழுவை இழுத்துத் திறப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

வேலை நடக்கும்போதும் டவர் யாருக்கும் நிரந்தரமாக இடம் கொடுப்பதில்லை. 4ஜியில் யாருக்கு எவ்வளவு என்று மில்லிநொடிக்கு ஒருமுறை முடிவெடுக்கிறது. சிக்னல் கோடுகள் உங்கள் போனுக்கு டவர் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்றுதான் சொல்லும், எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று சொல்லாது.

சரி, அடுத்த முறை ‘டவர் ஃபுல், நெட் இல்லை’ என்றால் முதலில் படி 3-க்குப் போங்கள். முகவரியே இல்லையா? ஏரோபிளேன் மோட், அப்புறம் ரீசார்ஜ், அப்புறம் ஏபிஎன் ரீசெட் என்ற வரிசையில் பாருங்கள். முகவரி இருந்தும் எதுவும் திறக்கவில்லை என்றால் கூட்ட நெரிசலாக இருக்கலாம், அன்றைய டேட்டா தீர்ந்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் பிரைவேட் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) என்ற செட்டிங்கைத் தேடி ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள். விளம்பரத்தைத் தடுக்க எப்போதோ அதில் எதையோ போட்டுவிட்டு மறந்தவர்கள் நிறைய.