அகும்பே மழைக்காட்டுக்கு முதல் முறை போகிறீர்களா? பெங்களூரிலிருந்து படிப்படியாக

பெங்களூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கர்நாடகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் அகும்பேயில் 7,000-ஐத் தாண்டும், அதுவும் பெரும்பாலும் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள். இந்த வித்தியாசத்தை யோசிக்காமல், இரண்டு நாளில் மூன்று அருவி, ஒரு சிகரம் என்று திட்டம் போட்டு அல்சூரிலிருந்து நானும் அத்தை மகனும் ஒரு ஜூலையில் கிளம்பினோம். ஓடி ஓடி நனைந்ததுதான் மிச்சம், ஒரு உயிரினத்தைக்கூட உருப்படியாகப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் ஒரு நாளைக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தால் போதும் என்று போனோம். அப்போதுதான் காடு கண்ணில் பட்டது. இங்கே சொல்வது அந்த இரண்டாவது முறையைத்தான்.

1. போவதும் தங்குவதும்

பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து இரவு பஸ் பிடித்தால் காலையில் தீர்த்தஹள்ளி. அங்கிருந்து அகும்பே சுமார் 30 கிலோமீட்டர். சிவமொக்கா வரை ரயிலிலும் போகலாம். பாக்குத் தோட்டமும் குளமும் உள்ள ஹோம்ஸ்டேயாகப் பாருங்கள். போன் செய்யும்போதே, "ராத்திரி தோட்டத்தில் தவளை பார்க்கக் கூட்டிப்போக ஆள் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். உண்டு என்றால் பாதி வேலை முடிந்தது. மழை வலுத்தால் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிவிடும். மூடியிருந்தால் மூடியதுதான், குறுக்கு வழி கேட்க வேண்டாம்.

2. உடுப்பு

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், இரண்டு நாளானாலும் காயாது. சீக்கிரம் உலரும் டிராக் பேன்ட், முழுக்கை சட்டை, முதுகுப்பையையும் சேர்த்து மூடும் மழைக்கோட்டு, பிடிப்புள்ள ஷூ இருந்தால் போதும். மாற்றுத் துணியை பிளாஸ்டிக் பைக்குள் கட்டிவிட்டு முதுகுப்பையில் வையுங்கள். சிக்னலும் கரண்டும் அடிக்கடி போகும். மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. அட்டை

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். அங்கே இதை இம்பளா என்பார்கள். நாம் நடக்கும் அதிர்வையும் மூச்சுக்காற்றையும் உடம்புச் சூட்டையும் வைத்து நம்மைக் கண்டுபிடிக்கும். ஈரச் சருகின் மேல் ஒரு நிமிடம் அசையாமல் நின்று குனிந்து பாருங்கள். தீக்குச்சி கனத்தில் ஒன்று வாலை ஊன்றி எழுந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடும். பிறகு வளைந்து வளைந்து நம் ஷூவை நோக்கி வரும்.

முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த அட்டை சாக்ஸ் வாங்கி, பேன்ட்டை அதற்குள் செருகி, மேலே இறுக்கிக் கட்டுங்கள். மீறிக் கடித்துவிட்டதா? பிடித்து இழுக்காதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள், உப்பும் போடாதீர்கள். உப்பும் சூடும் பட்டால் வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக்கூடும். மெல்லிய முனைதான் வாய். அதை நகத்தால் பக்கவாட்டில் நெம்பி விலக்குங்கள், பிறகு தடித்த முனையை விடுவியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அது ஹிருடின் போன்ற ஒரு பொருளைச் செலுத்தியிருக்கும். அதனால்தான் வெகுநேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சால் அழுத்திக் கட்டுங்கள்.

4. ராத்திரி நடை

பயணத்தின் உயிரே இதுதான். சரணாலயத்துக்குள் இரவில் நுழைய அனுமதி கிடையாது, தேவையும் இல்லை. தோட்டத்துக் குளக்கரையே போதும். உள்ளூர் வழிகாட்டி முன்னால், நீங்கள் பின்னால். பத்து அடிக்கு ஒரு தடவை நில்லுங்கள். முதலில் காது, அப்புறம் டார்ச்.

நாங்கள் பார்த்த மலபார் பறக்கும் தவளையை மறக்கவே முடியாது. இலைப்பச்சை உடம்பு, விரல்களுக்கு நடுவே செம்மஞ்சள் தோல். அதை விரித்துத்தான் மரம் விட்டு மரம் சறுக்கும். தண்ணீருக்கு மேலே தொங்கும் இலையில் ஒரு ஜோடி இருந்தது. பெண் தவளை பின்னங்கால்களால் அடித்து அடித்து, முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்கிற மாதிரி நுரைக்கூடு கட்டிக்கொண்டிருந்தது. முட்டைகள் அந்த நுரைக்குள் இருக்கும். பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும். அரைமணி நேரம் நின்றோம், யாரும் பேசவில்லை. தவளையைத் தொடாதீர்கள். தோல் வழியாகவும் மூச்சுவிடும் பிராணி அது, நம் கையில் உள்ள கொசு மருந்து அதற்கு விஷம். முகத்துக்கு நேரே டார்ச்சும் ஃப்ளாஷும் அடிக்க வேண்டாம்.

5. பாம்பு

அகும்பே ராஜநாகத்துக்குப் பேர்போன ஊர். பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கர் 2005-இல் இங்கே மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜநாகம் தனி இனம் என்று 2024-இல் விஞ்ஞானிகள் பிரித்தபோது, கன்னட மக்கள் அழைக்கும் காளிங்க என்ற பெயரையே வைத்தார்கள். அது பெரும்பாலும் மற்ற பாம்புகளைத்தான் தின்னும், மனிதரைக் கண்டால் விலகிப்போகவே பார்க்கும். வழியில் கண்டால் நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது மலபார் குழிவிரியன். பச்சை, பழுப்பு, மஞ்சள் என்று பல நிறங்களில், மழைக்காலத்தில் இடுப்புயரக் கிளையிலேயே அசையாமல் கிடக்கும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்காகத் தயாராவது. இதற்கென்று தனி மருந்து இல்லை. அதனால் டார்ச் அடித்துப் பார்க்காமல் எந்தக் கிளையையும் பிடிக்கக் கூடாது. எந்தப் பாம்பு கடித்தாலும் கீறவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள்.

6. அருவி

தூரத்தில் நின்று பார்த்தால் போதும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே மலையில் கொட்டும் மழை சில நிமிடங்களில் இறங்கி வரும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, பையைத் தேடாமல் உடனே கரையேறுங்கள்.

7. வீட்டுக்கு வந்ததும்

பையை பால்கனியில் கவிழ்த்து உதறுங்கள், அட்டை ஒளிந்திருக்கும். ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, ஈரமாக ஈரமாக மாற்றுங்கள். 1957-இல் குரங்குக் காய்ச்சல் முதலில் கண்டறியப்பட்டது இதே சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில்தான். உண்ணி கடித்துப் பரவும் அந்த நோய், மழை ஓய்ந்தபின் டிசம்பரிலிருந்து மே வரைதான் அதிகம். இருந்தாலும் ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், அகும்பே காட்டுக்குப் போய் வந்ததை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.