டெய்லி ஓட்டுற காருக்கு நல்லா சத்தமா அடிக்கிற சப்வூஃபர் செட்டப்: ஒண்ணும் தெரியாதவங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்து

"அண்ணே, எத்தன வாட் வாங்கினா நல்லா அடிக்கும்?" நம்ம டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டோங்காட்டுன்னு எங்க போனாலும் தம்பிங்க மொதல்ல கேக்குறது இதத்தான். ஆனா சத்தத்த முடிவு பண்றதுல வாட் மூணாவது எடத்துலதான் வரும், மொதல்ல சப் (பாஸ் அடிக்கிற பெரிய ஸ்பீக்கர்) ஒக்கார்ற பெட்டி, அடுத்தது சப்போட சென்சிடிவிட்டி (அதே பவர்ல எவ்ளோ சத்தம் குடுக்கும்ங்கறது), அதுக்கப்புறம்தான் அதுக்குப் பவர் குடுக்குற ஆம்ப். ஏன்னா பவர ரெண்டு மடங்காக்கினா கூடுறது வெறும் 3 டெசிபெல்தான், நம்ம காதுக்கு "ரெண்டு மடங்கு சத்தம்"னு தோணணும்னா சுமார் 10 டெசிபெல் வேணும், அதாவது பத்து மடங்கு பவர். 300 வாட்ட வித்துட்டு 600 வாட் வாங்குறவங்க பாதிப்பேர் "என்னடா பெருசா ஒண்ணும் தெரியலையே"ன்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான். அதே 300 வாட்ட ஒழுங்கா கட்டின போர்ட் (காத்து போயி வர்ற பைப்) வச்ச பெட்டில போட்டா ட்யூனிங் (அந்தப் போர்ட் ஒத்து அடிக்கிற ஹெர்ட்ஸ்) பக்கத்துல 3 டெசிபெலும் அதுக்கு மேலயும் சும்மாவே கெடைக்கும்.

இந்தப் பதிவு போட்டிக்குப் போற காருக்கு இல்ல. காலைல வேலைக்கு என்2 ஹைவேல போயி, சாயங்காலம் புள்ளைங்கள ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் பாத்திரம் பண்டமெல்லாம் ஏத்திட்டுப் போற காருக்கு.

மொதல் ஸ்டெப்: பூட்ட (டிக்கிய) அளங்க

கடைக்குப் போறதுக்கு முன்னாடி டேப் எடுங்க. அகலம், உயரம், ஆழம் மூணும் அளக்கணும், ஆழம் மட்டும் கீழ ஒரு தடவ மேல ஒரு தடவ அளங்க, பின் சீட்டு சாஞ்சிருக்கறதால மேல கொறையும், அந்தக் கொறஞ்ச அளவுதான் உங்களுக்குக் கணக்கு. ஸ்பேர் வீல் எடுக்க வழி இருக்கணும், இத மறந்துட்டு பெட்டிய அடிச்சு எறக்கிட்டா நடு ராத்திரில மழைல பஞ்சர் ஆகும்போது பெட்டியத் தூக்கி ரோட்ல வைக்க வேண்டியதுதான்.

போலோ விவோ, ஸ்விஃப்ட், ஸ்டார்லெட் மாதிரி ஹேட்ச்பேக் வச்சிருக்கவங்களுக்கு அதிர்ஷ்டம், பூட்டும் உள்ளயும் ஒரே ரூம் மாதிரிங்கறதால சின்ன கேபின் கீழ்ஸ்தாயிய தானாவே தூக்கிக் குடுக்கும். கொரோலா குவெஸ்ட் மாதிரி செடான்னா சீட்டுக்குப் பின்னாடி சத்தம் மாட்டிக்கும், பின் சீட்ட மடிச்சோ ஆர்ம்ரெஸ்ட் ஓட்டைய தொறந்தோ வழி விடணும். பக்கியா (பிக்கப் வண்டி) இருந்தா சீட்டுக்குப் பின்னாடி போற ஒல்லி சப்பு, சீல் பெட்டி (போர்ட் இல்லாம முழுசா மூடினது), வேற வழி இல்ல.

ரெண்டாவது: நீங்க கேக்குற பாட்டு எது

இதக் கேக்காம பெட்டி கட்டவே கூடாதுன்னு நான் நெனக்கிறேன். அமாபியானோங்கற நம்ம நாட்டு டான்ஸ் மியூசிக்ல வர்ற லாக் டிரம்ங்கற பாஸ் சத்தம் 40 லேர்ந்து 60 ஹெர்ட்ஸ் பக்கத்துல இழுத்து இழுத்து வரும், நம்ம டர்பன்லயே பொறந்த கோம் (gqom) டான்ஸ் மியூசிக்லயும் கீழதான் வேலை. அதுக்கு போர்ட் வச்ச பெட்டிதான் சரி. குத்துப் பாட்டு, தவில், பறை, உறுமின்னு கேக்குறவங்களுக்கு அடி இன்னும் கொஞ்சம் மேல, டப்புனு விழுந்து டப்புனு நிக்கணும், அதுக்கு சீல் பெட்டி ரொம்ப அழகா இருக்கும், எடமும் கம்மி. 12 இஞ்ச் சப்புக்கு சீல்னா சுமார் 28 லேர்ந்து 35 லிட்டர் போதும், போர்ட்டுன்னா 50 லேர்ந்து 65 லிட்டர் வேணும். ரெண்டும் கலந்து கேக்குறவங்க, அதாவது நம்மள்ல முக்காவாசிப்பேர், 34 ஹெர்ட்ஸ் பக்கத்துல ட்யூன் பண்ணின போர்ட் பெட்டி போட்டுக்கலாம், உறுமியும் கேக்கும் லாக் டிரம்மும் கேக்கும்.

மூணாவது: சப்போட பேப்பரப் படிங்க

அட்டைல பெருசா 3500 வாட்டுன்னு போட்டிருப்பாங்க, அதப் பாக்கவே பாக்காதீங்க. உள்ள சின்ன எழுத்துல ஆர்எம்எஸ்னு (RMS) இருக்கும், அதுதான் நெசமா தொடர்ந்து தாங்குற பவர். அடுத்தது சென்சிடிவிட்டி, 86 ஒண்ணு 89 ஒண்ணுன்னா 89 உள்ளது பாதி பவர்ல அதே சத்தத்தக் குடுக்கும். ஒரு விஷயம் கவனிங்க, சிலர் 1 வாட்ல அளப்பாங்க, சிலர் 2.83 வோல்ட்ல அளப்பாங்க, 2.83 வோல்ட்டுங்கறது 4 ஓம் காயில்ல (சப்புக்குள்ள இருக்க கம்பிச் சுருள்) 2 வாட், 2 ஓம்ல 4 வாட், அதனால நம்பர் சும்மாவே 3லேர்ந்து 6 டெசிபெல் கூடித் தெரியும். ஒரே மாதிரி அளந்தத மட்டும் ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாருங்க.

சீல் சப்பா போர்ட் சப்பான்னு தெரிய ஒரு சுலபமான கணக்கு இருக்கு: பேப்பர்ல எஃப்எஸ்னு (Fs) ஒரு நம்பர், கியூஇஎஸ்னு (Qes) ஒரு நம்பர் இருக்கும், மொதல ரெண்டாவதால வகுங்க. 50க்கு கீழ வந்தா சீல், 90, 100 தாண்டினா போர்ட், நடுவுல வந்தா ரெண்டுலயும் ஓடும்.

காயில்: டூயல் 4 ஓம், அதாவது 4 ஓம்ல ரெண்டு காயில் உள்ளது, வாங்கினா பேரலல்ல 2 ஓம், சீரீஸ்ல 8 ஓம். டூயல் 2 ஓம்னா 1 இல்லன்னா 4. ஆம்ப் எந்த ஓம்ல எவ்ளோ குடுக்கும்னு பாத்துட்டு அப்புறம் காயில் முடிவு பண்ணுங்க, 1 ஓம் தாங்காத ஆம்ப்ல 1 ஓம் மாட்டினா புகைதான் வரும்.

நாலாவது: ஆம்ப்பும் கரெண்ட்டும்

சப்புக்கு மோனோபிளாக் (ஒரே சேனல் ஆம்ப்), கிளாஸ் டி (கரெண்ட்ட கம்மியா வீணாக்குற வகை). 300 வாட் ஆர்எம்எஸ் ஆம்ப் 80 சதவீதம் திறமையா ஓடுதுன்னு வைங்க, உள்ள இழுக்கிறது 375 வாட், அத 13.8 வோல்ட்டால வகுத்தா 27 ஆம்பியர். 500 வாட்னா 45 ஆம்பியர். சின்ன ஹேட்ச்ல ஆல்டர்னேட்டரே (இஞ்சின் ஓடும்போது கரெண்ட் தர்றது) 70, 90 ஆம்பியர் அளவுலதான் இருக்கும், ராத்திரி மழைல ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாம் ஓடும்போது மிச்சம் எவ்ளோன்னு நீங்களே பாத்துக்கோங்க. பாட்டுல பாஸ் விட்டு விட்டுத்தான் வருங்கறதால 500 வரைக்கும் சமாளிக்கலாம், அதுக்கு மேல போகணும்னா பேட்டரி, ஆல்டர்னேட்டர் ரெண்டுக்கும் சேத்து காசு எடுத்து வைங்க. மொத தடவ போடுறவங்களுக்கு 300 லேர்ந்து 500, இதுதான் என் யோசனை, டெய்லி காருக்கு இது தாராளம்.

அஞ்சாவது: பெட்டி, இங்கதான் நேரம் போகணும்

ரெடிமேட் பெட்டி கெடைக்கும், ஆனா அது உங்க சப்புக்காகக் கட்டினது இல்ல. 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மர நார அழுத்திச் செஞ்ச பலகை) வாங்குங்க, அளவு எழுதிக் குடுத்தா பலகைக் கடையிலயே வெட்டிக் குடுப்பாங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு எம்டிஎஃப் ஓரம் தண்ணி குடிச்சு உப்பும், அதனால வெட்டின ஓரம் எல்லாத்துக்கும் ரெண்டு கோட் பெயிண்ட் குடுங்க, பூட்ல தண்ணி வர்ற பழைய கார்னா நல்ல பிளைவுட்டே போட்டுருங்க.

ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். வெளி அளவு 65 செ.மீ அகலம், 36 உயரம், 38 ஆழம். ரெண்டு பக்கமும் பலகை 1.8ன்னு மொத்தம் 3.6 கழிச்சா உள்ள 61.4, 32.4, 34.4. மூணையும் பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 68.4 லிட்டர். இதுல சப்போட காந்தமும் கூடையும் 4 லிட்டர், உள்ள குடுக்குற குறுக்குச் சட்டம் 1, போர்ட் பைப் சுமாரா 3, கழிச்சா 60 லிட்டர். இந்த 60தான் நெசமான அளவு, பலபேர் 68ஐயே கணக்குல வச்சுப் போர்ட் வெட்டிட்டு ட்யூனிங் எங்கயோ போயிருக்கும்.

போர்ட்டுக்கு பிளம்பிங் கடைல கெடைக்கிற 110 மில்லிமீட்டர் பிவிசி பைப் போதும், உள்விட்டத்த ஸ்கேல் வச்சு அளங்க, இங்க 10.4 செ.மீன்னு எடுத்துக்குறேன். 10.4ஐ 10.4ஆல பெருக்கி அத 23562.5ஆல பெருக்குங்க. தனியா ட்யூனிங் 34ஐ 34ஆல பெருக்கி, அத லிட்டர் 60ஆல பெருக்குங்க. மொதல ரெண்டாவதால வகுத்தா 36.7 வரும். அதுலேர்ந்து 10.4ஐ 0.732ஆல பெருக்கின 7.6ஐக் கழிங்க, மிச்சம் 29 செ.மீ. அவ்ளோதான் உங்க பைப் நீளம். உங்க லிட்டரும் ட்யூனிங்கும் மாறினா அந்த ரெண்டு நம்பர மட்டும் மாத்துங்க. இந்த ஒத்தப் பைப் 300 வாட்டுக்குச் சரி, 500 போட்டா காத்து "புஸ் புஸ்"னு கேக்கும், அப்போ அகலமான ஸ்லாட் போர்ட் வேணும், அது மடிச்சுக் கட்டுற வேலை, மொத பெட்டிலேயே அதுக்குப் போகாம தெரிஞ்ச தச்சருகிட்ட குடுத்துருங்க.

பைப்ப பக்கத்துச் சின்னப் பலகைல வைங்க, சப்ப முன்பலகைல பைப்புக்கு எதிர்ப்பக்கமா தள்ளி வைங்க, அப்போதான் காந்தம் பைப்ல இடிக்காது. பைப்போட உள்முனைக்கும் எதிர்ல எந்தப் பலகைக்கும் நடுவுல கொறஞ்சது ஒரு விட்டம், அதாவது 10 செ.மீக்கு மேல காலி இருக்கணும், வெளி முனைக்கும் கார் பக்கச்சுவருக்கும் அதே மாதிரி. பைப்போட ரெண்டு ஓரத்தையும் அரம் போட்டு வட்டமா மழிச்சு, அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க, வெரல் வச்சு ஓட்டினா எங்கயும் கீறக் கூடாது, காத்துச் சத்தம் நல்லாவே கொறையும்.

ஸ்க்ரூ அடிக்கும் முன்னாடி சின்ன ஓட்டை போடுங்க, இல்லன்னா எம்டிஎஃப் ஓரத்துல பொளந்துக்கும். மரப்பசைய தாராளமா ஊத்துங்க, இறுக்கும்போது ஓரத்துல கோடா பிதுங்கி வரணும், வரலன்னா அந்த எடத்துல பசை பத்தலன்னு அர்த்தம். காஞ்சதும் உள்மூலை எல்லாத்துக்கும் சிலிகான் இழுங்க, அது ஒரு நாள் முழுக்கக் காயட்டும், காயாத சிலிகான்லேர்ந்து வர்ற ஆவி சப்போட ஓரத்து ஃபோமுக்கு ஆகாது.

காத்து ஒழுகுதான்னு பாக்க வீட்டுச் சாமி மேடைல இருக்க ஊதுவத்தி ஒண்ணு போதும். சப்ப மாட்டி, மெதுவான சத்தத்துல 40 ஹெர்ட்ஸ் டோன் போட்டுட்டு, வத்திய ஒவ்வொரு இணைப்பு மேலயும் மெல்ல நகத்துங்க. புகை நேரா போகணும், எங்க நடுங்கி ஒடையுதோ அங்க ஓட்டை.

ஆறாவது: ஒயரிங்

பேட்டரி நெகட்டிவ மொதல்ல கழட்டுங்க. பவர் ஒயர்ல ஃபியூஸ் பேட்டரிலேர்ந்து 45 செ.மீக்குள்ள இருக்கணும், இது சத்தத்துக்கு இல்ல, கார் தீப்பிடிக்காம இருக்கறதுக்கு, இத யாருக்காகவும் விட்டுக்குடுக்காதீங்க. 4 கேஜ் போட்டுட்டா பின்னாடி ஆம்ப் மாத்தினாலும் ஒயர் மாத்த வேணாம். ஒயர் வாங்கும்போது ஒரு இழைய பிளேடால சொரண்டிப் பாருங்க, உள்ளயும் செவப்பா இருந்தா செம்பு, வெள்ளையா இருந்தா செம்பு பூசின அலுமினியம், அது செம்புல மூணுல ரெண்டு பங்குக்கும் கம்மியாத்தான் கரெண்ட் கடத்தும், அதத்தான் வாங்குறீங்கன்னா ஒரு சைஸ் பெருசா வாங்குங்க.

எர்த்த ஆம்ப் பக்கத்துலயே, பெயிண்ட்ட சொரண்டி பளபளன்னு தகரம் தெரிய வச்சு இறுக்குங்க, சீட் பெல்ட் போல்ட்ட மட்டும் தொடாதீங்க. ஆர்சிஏ (ரேடியோலேர்ந்து ஆம்ப்புக்குப் பாட்டு கொண்டு வர்ற ஒயர்) ஒரு பக்கம், பவர் ஒயர் மறுபக்கம். கம்பெனி ரேடியோவே வச்சிருக்கவங்க ஹை லெவல் இன்புட் (ஸ்பீக்கர் ஒயரையே நேரா மாட்டுற வழி) உள்ள ஆம்ப் வாங்கினா ரேடியோ மாத்த வேண்டிய வேலையே இல்ல. மஞ்சள் கனெக்டர் எங்க பாத்தாலும் அது ஏர்பேக், கைய எடுத்துருங்க. பெட்டி ஒயருக்கு கழட்டி மாட்டுற பிளக் போட்டுருங்க, வாரக்கடைசி மார்க்கெட் போகும்போது ஒரு நிமிஷத்துல பெட்டி வீட்டுக்குள்ள போயிரும், கார் பார்க்ல யாரும் கண்ணாடி ஒடைக்கவும் காரணம் இருக்காது. இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சவுண்ட் போட்டதச் சொல்லி பாலிசில எழுதிக்கோங்க.

ஏழாவது: செட்டிங்

ஆம்ப்ல இருக்க கெயின்ங்கறது வால்யூம் நாப் இல்ல, ரேடியோ சிக்னலுக்கு ஆம்ப ஒத்துப்போக வைக்கிற திருகு. பாஸ் பூஸ்ட், ஈக்யூ எல்லாம் ஆஃப், ரேடியோ முக்கால் வால்யூம், சப்ப கழட்டி வைங்க, 50 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ஆம்ப் அவுட்ல மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வைங்க. வாட்ட ஓமால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா எந்த வோல்ட்டுன்னு தெரியும், 300 வாட் 2 ஓம்னா 24.5 வோல்ட், மெல்லத் திருப்பி அங்க வந்ததும் நிறுத்துங்க. லோ பாஸ் (low pass, இதுக்கு மேல வர்ற சத்தத்த சப்புக்கு விடாது) 80 ஹெர்ட்ஸ். சப்சோனிக் (ரொம்பக் கீழ வர்றத வெட்டுறது) 28, 30 ஹெர்ட்ஸ் பக்கத்துல, போர்ட் பெட்டில ட்யூனிங்குக்குக் கீழ சப்போட கோன் (முன்னாடி ஆடுற தட்டு) ஆடுறத பிடிச்சு நிறுத்த ஒண்ணுமே இல்ல, இது இல்லாம ஓட்டினா கோன் குதிச்சு காயில் அடிபடும். ஃபேஸ் ஸ்விட்ச 0லயும் 180லயும் போட்டு டிரைவர் சீட்ல ஒக்காந்து எதுல பாஸ் ஜாஸ்தியோ அதுல விட்டுருங்க.

அப்புறம் பெட்டிய பின்கதவுக்குக் கிட்ட, தள்ளி, பின்னாடி பாத்தாப்ல, மேல பாத்தாப்ல வச்சு அதே பாட்டப் போட்டுக் கேளுங்க, எடம் மாத்தினதுலேயே சத்தம் கணிசமா மாறும். நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி ஃபோம் டேப் ஒட்டுங்க, பார்சல் ஷெல்ஃப் ஓரத்துலயும் ஒட்டுங்க, பல கார்ல வெளிய "டர்ர்"னு கேக்குறது இந்த ரெண்டும்தான்.

இதெல்லாம் பண்ணியும் பத்தலன்னா அதே சப் இன்னொண்ணு, அதுக்குன்னு அதே லிட்டர்ல தனிப் பெட்டி. இருக்கற ஆம்ப் பவரையே ரெண்டுக்கும் பிரிச்சுக் குடுத்தாக்கூட சுமார் 3 டெசிபெல் கூடும், ஓம் கணக்கு மட்டும் திரும்பப் போட்டுக்கோங்க. ரெண்டாவதுக்கும் தனியா அதே பவர் குடுத்தா 6, ஆனா அப்போ ராத்திரில ஒவ்வொரு தடவ பாஸ் அடிக்கும்போதும் ஹெட்லைட் மங்குதான்னு பாருங்க, மங்கினா சப்ப விட்டுட்டு மொதல்ல ஆல்டர்னேட்டரக் கவனிங்க.