வைப்பர் நின்றுவிட்டதா? மோட்டார் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மாருதி 800, ஸென் போன்ற பழைய கார்களில் வைப்பர் மக்கர் பண்ணினால் "மோட்டார் போச்சு" என்று சொல்லிவிடுவது எளிது. பல வண்டிகளில் மோட்டார் நன்றாகவே இருக்கும். கண்ணாடியை நனைத்து, சாவி போட்டு, வைப்பர் சுவிட்சைத் தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள்.

சத்தமே இல்லையென்றால் முதலில் ஃப்யூஸ். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும். பெரியது போட்டால் ஒயர் கருகும். ஃப்யூஸ் சரியாக இருந்தால் மோட்டார் கப்ளரில் (ஒயர் மாட்டும் இணைப்பு) வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் வராவிட்டால் சுவிட்சையும் ஒயரையும் பாருங்கள். வந்தும் ஓடவில்லையென்றால் பேட்டரி நெகட்டிவிலிருந்து தனி ஒயர் இழுத்து மோட்டாரின் எர்த்தில் (வண்டி பாடியோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு) தொடுங்கள். ஓடினால் எர்த் போல்ட்டில் துரு. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் முடிந்தது.

மோட்டார் உறுமுகிறது, ஆர்ம் (பிளேடு மாட்டிய கை) அசையவில்லையா? ஆர்மின் அடி நட்டு தளர்ந்திருக்கலாம். இரண்டு ஆர்மும் நின்றிருந்தால், மோட்டாரையும் ஆர்ம்களையும் இணைக்கும் கம்பியான லிங்க்கைப் பாருங்கள்: பந்து முனையைக் கவ்வும் நைலான் புஷ் வெயிலில் காய்ந்து, விளிம்பு உடைந்து கழன்றிருக்கும். புஷ் மட்டும் தனியாகக் கிடைத்தால் அதுவே போதும்.

வைப்பர் இழுத்து இழுத்து ஓடினால்தான் மோட்டார்மேல் வீண்பழி விழும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு (லிங்க்கில் விரல் மாட்டினால் நசுங்கும்), மோட்டார் கிராங்கிலிருந்து (மோட்டார் சுழற்றும் குட்டைக் கை) லிங்க்கைப் பிரித்து, ஆர்மைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கனமாக இருந்தால் ஆர்ம் மாட்டியிருக்கும் அச்சான ஸ்பிண்டில் துருப்பிடித்திருக்கிறது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு, நன்றாக அசையத் தொடங்கியதும் கிரீஸ் வையுங்கள். லேசாக ஆடினால் பேட்டரியை மாட்டி, லிங்க் இல்லாமல் மோட்டாரை ஓடவிடுங்கள். அப்போதும் திணறினால், கப்ளரில் வோல்ட் குறையாமலும் இருந்தால், குற்றவாளி மோட்டார்தான்.

வேகமான ஓட்டம் மட்டும் இல்லையென்றால் மோட்டாரை உடனே ஒதுக்காதீர்கள். இவ்வகை மோட்டாரில் மூன்று கார்பன் பிரஷ் உண்டு. அவற்றில் மூன்றாவது பிரஷ் வேகமான ஓட்டத்துக்கு. அது தேய்ந்தாலும், சுவிட்ச் காண்டாக்ட் கருகினாலும் அறிகுறி ஒன்றுதான். வேகமான ஓட்டத்துக்கான ஒயரில் வோல்ட் வந்தால் பிரஷ், வராவிட்டால் சுவிட்ச்.

ஆஃப் செய்ததும் வைப்பர் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிட்டால் மோட்டாரின் கியர் மூடியைத் திறங்கள். உள்ளே வட்டச் செம்புத் தகடும் அதன்மேல் உரசும் மெல்லிய நாக்குகளும் இருக்கும்; வைப்பரை அதன் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துபவை இவைதான். பழைய கிரீஸ் கறுத்து அப்பியிருந்தால் துடையுங்கள், வளைந்த நாக்கை லேசாக நிமிர்த்துங்கள். ஆர்மைக் கழற்றுமுன் அது நின்ற இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.