எம்ஜிபி காடிக்குப் புது ஸ்டார்ட்டர் போடப் போறீங்களா, முதல்ல எர்த்தப் பாருங்க

சுங்கை சிப்புட்ல எங்க வீட்டு செட்டுக்குள்ள ஒரு 1966 எம்ஜிபி நிக்குது, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். தோட்டத்துல துரையா இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போறப்ப வித்துட்டுப் போனது, ரெண்டு மூணு கை மாறி மாமாகிட்ட வந்து இப்ப என் தலையில. மழை பேஞ்ச மறுநாள் காலையில சாவியத் திருப்புனா ஒரே ஒரு "டக்", அவ்வளவுதான். மாமா உடனே "பசங்கள கூப்பிடு, தள்ளிப் பாப்போம்"னு கிளம்பிடுவாரு. தள்ளித் தள்ளி அலுத்துப் போயிதான் கியர் ரிடக்‌ஷன் ஸ்டார்ட்டர் வாங்குனேன் (உள்ள பல் சக்கரம் வச்சு, சின்ன மோட்டாராலயே எஞ்சின பலமா சுத்த வைக்கிற வகை), அதுல பட்டதெல்லாம் இங்க எழுதுறேன்.

காச எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டர் எடுங்க. ஸ்டார்ட்டர் மேல பழி போடுறது சுலபம், ஆனா பாதி நேரம் தப்பு கேபிள்லதான் இருக்கும். இந்தக் காடியில 1974 வரைக்கும் சீட்டுக்குப் பின்னால ரெண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கும், ரெண்டையும் சேர்க்குற கேபிள் தனி, அதோட முனையில பச்சை பூத்துக் கிடக்கும். யாராவது சாவியத் திருப்பிப் பிடிக்கட்டும், நீங்க பேட்டரியில அளங்க, 10 வோல்ட்டுக்கு ரொம்பக் கீழ போனா பேட்டரி கோங், செத்துப் போச்சு. பிறகு எர்த் இல்லாத, அதாவது காடியோட இரும்பு பாடியில சேராத பேட்டரி முனையிலிருந்து ஸ்டார்ட்டர் போல்ட்டு வரைக்கும் அளங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா வழியில எங்கயோ தின்னுது. ஸ்டார்ட்டர் பாடியிலிருந்து பேட்டரியோட எர்த் முனைக்கும் இதே மாதிரி, இங்க 0.2, 0.3க்கு மேல இருக்கக்கூடாது.

எஞ்சின் ரப்பர் மேல உக்காந்திருக்குறதால அதுக்கு கரண்ட் திரும்பிப் போற வழி கியர்பாக்ஸ் பக்கம் இருக்குற ஒரு எர்த் பட்டைதான். அது துருப்பிடிச்சா கரண்ட் வேற வழி தேடி சோக் கேபிள் வழியா ஓடும். எனக்கு சோக் கேபிள் சுட்டப்பதான் புரிஞ்சுச்சு. பட்டைய மாத்துனதும் பாதி நோய் அங்கயே தீந்துடுச்சு, சொல்லப்போனா அப்பவே நிறுத்தியிருக்கலாம்.

சாவி போட்டா ஸ்டார்ட்டர் மட்டும் "விர்ர்"னு சுத்தி எஞ்சின் அசையலன்னா அது வேற கதை. 1967 வரைக்கும் வந்த ஸ்டார்ட்டர்ல பல் சக்கரம் சுத்துற வேகத்துலயே முன்னால பாய்ஞ்சு பிளைவீல்ல, அதாவது எஞ்சினுக்குப் பின்னால இருக்குற பெரிய பல் சக்கரத்துல மாட்டும். தோட்டத்துச் செம்மண் தூசியும் எண்ணெயும் சேர்ந்தா அது பாயாது. மண்ணெண்ணெயில கழுவிக் காய விடுங்க, எண்ணெய் மட்டும் போட்டுடாதீங்க, மறுபடி தூசி ஒட்டிக்கும். பிளைவீல் பல்லையும் ஒரு பார்வை பாருங்க. நாலு சிலிண்டர் எஞ்சின் அணையிறப்ப அநேகமா எதிரெதிரா இருக்குற ரெண்டு இடத்துலதான் நிக்கும், பல்லும் அங்கதான் தேயும். அது மொட்டையாயிட்டா எந்த ஸ்டார்ட்டர் போட்டாலும் சரிப்படாது.

சரி, புதுசு வாங்கியே ஆகணும்னா ரோட் டேக்ஸ்ல இருக்குற வருசத்த நம்பாதீங்க, இத்தனை வருசத்துல எஞ்சின் மாறியிருக்கலாம். எஞ்சின் நம்பர் 18ஜிபின்னு ஆரம்பிச்சா பழைய வகை, 18ஜிடிக்கு மேல 1968லிருந்து வந்தது. பிளைவீலும் ஸ்டார்ட்டரும் அப்ப சேர்ந்தே மாறுனதால ஒன்னு இன்னொன்னுக்குப் போகாது.

இப்ப நான் மாட்டுன இடம். 1967 வரைக்கும் இந்தக் காடி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பிளஸ் முனைதான் பாடியில சேரும். பழைய லூக்காஸ் ஸ்டார்ட்டர்ல உள்ள காந்தமும் கரண்ட்லதான் உருவாகுது, அதனால பேட்டரிய எப்படி மாத்திக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுத்தும். புது கியர் ஸ்டார்ட்டர்ல சிலது நிரந்தரக் காந்தம் வச்சது, அதுக்கு கரண்ட் தலைகீழாப் போனா சுத்துறதும் தலைகீழ். நான் வாங்குனது அந்த மாதிரி, மாட்டி சாவி போட்டா நல்லா "விர்ர்"ங்குது, எஞ்சின் அசையவே இல்ல, ஏன்னா உள்ள ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற கிளட்ச் இருக்கு, எதிர்ப்பக்கம் சுத்துனா அது சும்மா வழுக்கிட்டுப் போகும். நான் என்னடான்னா கிளட்ச் போச்சுன்னு கடைக்காரன்கிட்ட ஒரு மூச்சு கத்திட்டு வந்தேன், பிறகு போயி மன்னிப்பும் கேட்டேன். வாங்குறப்பவே பாசிட்டிவ் எர்த்துக்கு ஒத்துக்குமான்னு கேட்டு வாங்குங்க, இல்லன்னா காடியவே நெகடிவ்வுக்கு மாத்தணும். பேட்டரி வயர மாத்தி, காயில் வயர ரெண்டையும் இடம் மாத்தி, டைனமோவோட எஃப் முனையில பேட்டரி லைவ்லிருந்து ஒரு வயர ரெண்டு தடவ சட்டுன்னு தொட்டு எடுக்கணும். ஆர்பிஎம் மீட்டர் மட்டும் உள்ள திறந்து வயர் மாத்தணும், அத வயரிங் கடையிலயே விட்டுடுங்க.

கழட்டுற வேலைக்கு முதல்ல பேட்டரி எர்த்த எடுத்துடுங்க. நம்ம செம்மண் தரையில ஜாக்கி இறங்கிடும், கீழ ஒரு தடிமனான பலகை போட்டு ஸ்டாண்டும் வைங்க, ஜாக்கிய மட்டும் நம்பி கீழ போகாதீங்க. ஸ்டார்ட்டர் வலது பக்கம், டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கீழ, ஆயில் பில்டருக்குப் பின்னால. நம்ம ஸ்டீயரிங்கும் வலது பக்கம்ங்கிறதால அதோட தண்டும் அங்கயே வந்து இடிக்கும். ஆயில் மாத்துற நாள் பாத்து பில்டரையும் சேர்த்து இறக்கிட்டா கை போக இடம் கிடைக்கும். ரெண்டே போல்ட்தான், 9/16 இன்ச். 14 மில்லி ஸ்பானர் உள்ள போகாது, 15 போட்டா தலைய வழிச்சிடும். கீழ் போல்ட் லேசா வந்துடும், மேல இருக்குறதுக்குத்தான் நீட்டமான எக்ஸ்டென்ஷனும் பொறுமையும் வேணும், எனக்கு அது ஒன்னுக்கே முக்கால் மணி நேரம். கழட்டுறப்ப முகத்த நேர் கீழ வைக்காதீங்க, பழசு நல்ல கனம்.

புதுச மாட்டுறதுக்கு முன்னாடி பழசையும் அதையும் பக்கத்துல வச்சு பல்ல எண்ணுங்க, சமமா இருக்கணும். உக்கார்ற இடத்துல பெயிண்ட், துரு எல்லாம் சுரண்டிடுங்க, அதோட எர்த்தே அந்த இரும்பு வழியாத்தான்.

வயரிங்ல பழைய வகைக்கு சொலனாய்டு, அதாவது ஸ்டார்ட்டருக்குப் பெரிய கரண்ட்ட விடுற காந்த சுவிட்ச், தனியா எஞ்சின் ரூம் பக்கச் சுவர்ல இருக்கும், புது ஸ்டார்ட்டர்ல அது கூடவே வருது. நிறைய போமன், அதான் மெக்கானிக்குங்க, என்ன செய்வாங்கன்னா புது ஸ்டார்ட்டர்லயே பெரிய போல்ட்லிருந்து சின்ன முனைக்கு ஒரு துண்டு வயர் போட்டு முடிச்சிடுவாங்க. காந்த வகையில அது வேண்டாம், சாவிய விட்ட பிறகும் மோட்டார் சுத்துற வரைக்கும் அதுவே கரண்ட் உண்டாக்கி சொலனாய்ட விடாமப் பிடிச்சுக்கும், பல்லு மாட்டுனபடியே கத்தும். ஸ்டார்ட்டருக்குப் போற தடிச்ச கேபிள கழட்டி பேட்டரி கேபிள் இருக்குற போல்ட்லயே சேர்த்துடுங்க, காலியான போல்ட்லிருந்து புது ஸ்டார்ட்டரோட சின்ன முனைக்கு ஒரு 4 ஸ்கொயர் மில்லி வயர் இழுங்க. பழைய சொலனாய்டு இனி ரிலே மாதிரி வேலை செய்யும். வெள்ளையில சிவப்புக் கோடு போட்ட வயர் இருந்த இடத்துலயே இருக்கட்டும். இப்படிச் செஞ்சா ஸ்டார்ட்டர் முனையில எப்பவும் கரண்ட் இருக்கும், ரப்பர் மூடி போடாம விட்டுடாதீங்க.

என் காடி இப்ப புது ஜப்பான் காடி மாதிரி "சிங்ங்"னு சத்தம் போட்டு எடுத்துக்குது, மாமாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கல. பழசத் தூக்கிப் போடாதீங்க, கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாத்துனா இன்னும் பல வருசம் ஓடும். என்னோடத கோணியில சுத்தி ஸ்டோர்ல வச்சிருக்கேன்.